வாத்தியார் பதில்கள்: ‘ஓ’ என்றால் தண்ணீர்

வாசகி, சென்னிமலை: என் மகள் கோவையில் எம்.எட். படிக்கிறாள். ஆய்வுக்கு ஹைத்தி நாட்டுப் பள்ளிக்கூடங்களை எடுத்திருக்கிறாள். நாங்கள் ரெண்டு தறி ஓட்டிப் படிக்க வைக்கிறோம். “நம்மூர்ல இல்லாத பிரச்சினையா, அத்தனை தூரம் போகோணுமா?” என்று நோம்பிக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் கேட்டுவிட்டார்கள். என்ன பதில் சொல்வதுங்க ஐயா?

அம்மணி, அடுத்த நோம்பிக்கு வருகிறவர்களிடம் தண்ணீர்ச் செம்பை நீட்டி, “இதுக்குப் பேர் ஓ” என்று சொல்லிப் பாருங்கள். முழிப்பார்கள். ஹைத்தியில் முதல் வகுப்புக் குழந்தை அப்படித்தான் முழிக்கிறது.

ஹைத்தி கரீபியன் கடலில் கியூபாவுக்குக் கிழக்கே இருக்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் பிரெஞ்சுக்காரர்களை அடித்து விரட்டி 1804-ல் விடுதலை வாங்கிய நாடு. ஆள் போனான், மொழி போகவில்லை. கோர்ட்டிலும் ஆபீசிலும் பள்ளிக்கூடத்திலும் பிரெஞ்சுதான் உட்கார்ந்திருந்தது. வீட்டிலும் சந்தையிலும் ஜனங்கள் அத்தனை பேரும் பேசுவது ஹைத்தி க்ரேயோல். பிரெஞ்சு சரளமாக வருவது கொஞ்சம் பேருக்குத்தான். பிரெஞ்சில் தண்ணீர் ‘ஓ’, க்ரேயோலில் ‘த்லோ’. குழந்தை விடிந்ததிலிருந்து த்லோ சுமந்துவிட்டுப் பள்ளிக்கு வருகிறது. புத்தகத்தில் ‘ஓ’ இருக்கிறது. புரியாததைப் பாராமல் ஒப்பிப்பதுதான் அங்கே படிப்பு என்று ஆகிப்போனது.

இதை நான் அந்நிய நாட்டுக் கதையாகப் படிக்கவில்லை. 1986-ல் எனக்கு முதல் வேலை தாளவாடி மலையில், ஓராசிரியர் பள்ளி. பிள்ளைகள் வீட்டில் பேசுவது கன்னடம், பாடம் தமிழ். ரெண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் விரல் வைத்து, ‘பா... ல்... பால்’ என்று ஒழுங்காகப் படித்தான். “பால்னா என்னடா?” என்றேன். பதில் இல்லை. மறுபடி கேட்டேன், கொஞ்சம் சத்தமாகவே. தலையைக் குனிந்துகொண்டான். நோட்டில் அவன் பேருக்கு நேராக ‘படிப்பு வராது’ என்று எழுதினேன். பென்சிலால்கூட இல்லை, பேனாவால்.

மத்தியானம் சத்துணவு ஆயா டீ போட டம்ளரில் பால் கொண்டுவந்தார். அதே பையன் எட்டிப் பார்த்து “ஹாலு!” என்றான். ஆயாவுக்குச் சிரிப்பு. “இங்க பாதிக்கு மேல அப்படித்தானுங்க சார். பத்து ஹத்து, பல்லு ஹல்லு” என்றார். அந்தப் பால் யார் வீட்டுப் பால் என்று கேட்டேன். அந்தப் பையன் வீட்டுப் பால். ரெண்டு மாசமாக அவன் கறந்து கொடுத்ததைத்தான் நான் குடித்துக்கொண்டிருந்தேன்.

அந்த மலையில் பிரெஞ்சுக்காரன் நான்தான். உங்கள் மகள் ஹைத்திக்குப் போகவில்லை அம்மணி, தாளவாடிக்குத்தான் கொஞ்சம் சுற்றிப் போகிறாள். படிக்கட்டும்.

வாசகர், பவானி: அந்த நாட்டு ஜனங்களே பிரெஞ்சுப் பள்ளிக்குத்தானே காசு கட்டுகிறார்கள்? நம்மூரில் இங்கிலீஷ் மீடியத்துக்குக் கட்டுகிற மாதிரி. இதில் அரசாங்கத்தைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது?

பாதி சரி. 1979-ல் கல்வி அமைச்சர் பெர்னார் கொண்டுவந்த சீர்திருத்தம், முதல் நாலு வகுப்புக்கும் க்ரேயோலில் பாடம் நடத்தலாம் என்றது. பணக்காரர்கள் எதிர்த்ததில் ஆச்சரியம் இல்லை. ஏழைப் பெற்றோரும் எதிர்த்தார்கள். “எங்க புள்ளைகளுக்கு மட்டும் ஏன் வேலை கிடைக்காத மொழி?” என்பது அவர்கள் சந்தேகம். அது முட்டாள்தனம் என்று எனக்குத் தோன்றவில்லை. வேலை கொடுக்கிற ஆபீசின் வாசல் பிரெஞ்சில் இருக்கும்போது, பிள்ளையை மட்டும் க்ரேயோலில் விடு என்றால் எந்த அப்பன் விடுவான்? வாசலை மாற்றாமல் வகுப்பறையை மட்டும் மாற்றப் பார்த்தார்கள். 1987 அரசியல் சட்டம் ரெண்டையும் ஆட்சிமொழி என்றது. காகிதத்தில் இன்றைக்கும் அப்படித்தான்.

மீதிப் பாதிக்கு வருகிறேன். ஜனங்கள் காசு கட்டுவது விருப்பப்பட்டு மட்டும் இல்லை. அங்கே பத்துப் பள்ளிகளில் எட்டுக்கும் மேல் தனியார், சர்ச், அறக்கட்டளை வகை. அரசுப் பள்ளி எட்டின தூரத்தில் இருந்தால்தானே தேர்ந்தெடுக்க? கரும்பலகையும் நாலு பெஞ்சும் போட்டு ஆரம்பித்த பள்ளிகளுக்கு ஜனங்களே வைத்த பேர் ‘லாட்டரிப் பள்ளி’. அடித்தால் அடிக்கும், இல்லாவிட்டால் கட்டின காசு போச்சு. நம்மூரில் 2003-ல் லாட்டரிச் சீட்டை நிறுத்தினார்கள். பள்ளிக்கூட லாட்டரி மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஓய்வுக்குப் பிறகு ரெண்டு வருஷம் நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் இருந்தேன். ஜன்னலில் இந்தப் பக்கம் கோழிப்பண்ணை ஷெட், அந்தப் பக்கம் ப்ளஸ் டூ ஸ்டடி ஹால். ரெண்டிலும் ராத்திரி விளக்கை அணைக்க மாட்டார்கள். இதற்கு மேல் எழுதினால் பத்திரிகை ஆசிரியர் வெட்டிவிடுவார்.

சரி, அரசாங்கத்துக்கு ஏன் பள்ளி கட்ட முடியவில்லை? விடுதலை வாங்கின குற்றத்துக்காக 1825-ல் பிரான்ஸ் போர்க்கப்பலை நிறுத்தி 15 கோடி பிராங்க் நஷ்ட ஈடு கேட்டது. அடிமைகளை இழந்ததற்கு, அந்த அடிமைகளிடமே! பிற்பாடு 9 கோடியாகக் குறைத்தார்கள். அதைக் கட்ட வாங்கின கடன் தீர 1947 ஆனது. வட்டிக்கு வாங்கித் தறிக்குப் பாவு நூல் எடுத்தவர்களுக்கு இது நான் விளக்காமலே புரியும்.

2011-ல் இலவசப் பள்ளித் திட்டம் ஒன்று வந்தது. வெளிநாட்டிலிருந்து வரும் ஒவ்வொரு மணியார்டருக்கும் ஒன்றரை டாலர், வெளிநாட்டுப் போனுக்கு நிமிஷத்துக்கு 5 சென்ட் வரி. மயாமியில் ஓட்டலில் பாத்திரம் கழுவுகிற அண்ணன் ஊருக்குப் பணம் அனுப்பினால், அதில் ஒரு துளி பள்ளிக்கு. யோசனை எனக்குப் பிடித்திருந்தது. அப்புறம் பணம் எங்கே போகிறது என்று புகார், பேருக்கு மட்டும் இருக்கிற பள்ளிகள் என்று புகார்.

வாசகர், காங்கேயம்: அங்கே சத்துணவு உண்டா?

உண்டு, ஐ.நா. உணவுத் திட்டத்தின் துணையோடு. எல்லாப் பள்ளிக்கும் இல்லை. தலைநகரில் துப்பாக்கிக் கும்பல்களுக்குப் பயந்து வீட்டை விட்டு ஓடிவந்தவர்கள் பள்ளிக்கூடங்களில் தங்கியிருக்கிறார்கள். வகுப்பறையிலேயே அடுப்பு, வகுப்பு எங்கே என்று தெரியாது.

எம்.எட். மாணவி, கோவை: ஹைத்தி பற்றி ஆய்வு செய்கிறேன். அங்கே போக வசதி இல்லை. எதை வைத்துத் தொடங்கலாம், சார்?

(முதல் கடிதமும் இதே மையில்தான் வந்திருக்கிறது. அம்மாவுக்குத் தெரியாமல் எழுதியிருந்தால் நான் சொல்ல மாட்டேன்.)

லா கொனாவ் தீவில் மத்தென்வா என்ற ஊரில் 1996-ல் தொடங்கின பள்ளியைப் பற்றித் தேடுங்கள் அம்முணி. அங்கே பிள்ளைகள் க்ரேயோலில் தங்கள் கதையைத் தாங்களே எழுதிப் படம் போட்டுப் புத்தகம் ஆக்கி, அதைத்தான் படிக்கிறார்கள். ஹைத்திக்காரரான மொழியியல் பேராசிரியர் மிஷெல் டெக்ராஃப், அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் இருந்துகொண்டு கணக்கையும் அறிவியலையும் க்ரேயோலில் கொண்டுவர 2010 முதல் பாடுபடுகிறார்.

புள்ளிவிவரத்தில் ஒரு கண்ணி உண்டு. அங்கே பிள்ளைகளைத் திரும்பத் திரும்ப ஒரே வகுப்பில் உட்கார வைப்பார்கள். மூன்றாம் வகுப்பில் பன்னிரண்டு வயதுப் பையன் இருப்பான். நாம் எட்டாவது வரை தள்ளிவிட்டுவிடுகிறோம், அதனால் படிக்கத் தெரியாதது வெளியே தெரிவதில்லை. வகுப்பை வகுப்போடு ஒப்பிடாதீர்கள், வயதை வயதோடு ஒப்பிடுங்கள்.

அப்புறம், ‘எந்த மொழியில் பாடம் நடத்துகிறீர்கள்?’ என்று வாத்தியாரிடம் கேட்டு வாங்கின எந்தப் பதிலையும் நம்பாதீர்கள். விடுதிப் பள்ளியில் என்னைக் கேட்டிருந்தால் நானும் ‘இங்கிலீஷ்’ என்றுதான் சொல்லியிருப்பேன். பக்கத்து இங்கிலீஷ் மீடியம் பள்ளி ஒன்றில் அனுமதி வாங்கிக் கடைசி பெஞ்சில் ஒரு வாரம் உட்காருங்கள். நோட்டில் ரெண்டு பத்தி பிரித்துக்கொள்ளுங்கள். மிஸ் எந்த நிமிஷத்தில் இங்கிலீஷை விட்டுத் தமிழுக்கு இறங்குகிறார் என்று ஒன்றில். அந்த நிமிஷத்தில் எத்தனை பிள்ளைகள் தலையை நிமிர்த்துகிறார்கள் என்று இன்னொன்றில்.