நாய்க்கு டி4 1.8 என்றால் தைராய்டு குறைவா?

கேள்வி: எங்கள் லாப்ரடார் ராணிக்கு 10 வயது, 32 கிலோ. கருத்தடை செய்யவில்லை. வயிறு தொங்குகிறது, விலாவில் முடி கொட்டுகிறது, நிறையத் தண்ணீர் குடிக்கிறாள், ராத்திரி வீட்டுக்குள்ளேயே சிறுநீர் போய்விடுகிறாள். பக்கத்து லேபில் பார்த்ததில் டி4 என்ற தைராய்டு ஹார்மோன் 1.8, 'குறைவு' என்று வந்தது. அம்மா சாப்பிடும் 50 மைக்ரோகிராம் தைராய்டு மாத்திரையைத் தினமும் கொடுக்கிறோம். மாற்றமே இல்லையே?
- வாசகி, மேலூர்

பதில்: அந்த மாத்திரையை நிறுத்திவிடுங்கள். ரிப்போர்ட்டில் 'குறைவு' என்று அச்சாகியிருப்பது மனிதர்களின் அளவை வைத்து. நமக்கு டி4 ஏறத்தாழ 5 முதல் 12 வரை இருக்கும். நாய்க்கு 1 முதல் 4 வரைதான். ராணியின் 1.8 சரியான அளவு. தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். பார்ப்பதானாலும் மனிதர்களுக்கான கிட் நாய்க்குப் பயன்படாது, கால்நடை லேபுக்குத்தான் அனுப்ப வேண்டும்.

தைராய்டு குறைந்த நாய் சோம்பிக் கிடக்கும், அதிகம் சாப்பிடாமலே எடை போடும், மற்ற நாய்கள் நிழலுக்கு ஒதுங்கும்போது இது வெயிலில் போய்ப் படுக்கும், வாலில் முடி உதிர்ந்து எலிவால் போலாகும். ஆனால் தாகம் மட்டும் அதிகமாகாது. ராணியின் தாகம்தான் எனக்குக் கவலை.

முதலில் ஒன்று: கடைசியாக எப்போது ஹீட்டுக்கு வந்தாள்? இரண்டு மாதத்துக்குள் என்றால் கர்ப்பப்பையில் சீழ் கட்டியிருக்கலாம். இன்றே ஸ்கேன் பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

அது இல்லையென்றால் தண்ணீரை அளங்கள். வாளி, தொட்டியையெல்லாம் மூடிவிட்டு, காலையில் இரண்டு லிட்டர் ஊற்றி வையுங்கள். தீரத்தீர அளந்தே ஊற்றி, மறுநாள் அதே நேரத்தில் மிச்சத்தைக் கழியுங்கள். மூன்று நாள் இப்படி. கிலோவுக்கு 100 மில்லி, அதாவது ராணிக்கு 3.2 லிட்டர் தாண்டினால், மதுரை வெயில் என்று சமாதானம் சொல்லிக்கொள்ள முடியாது. சிறுநீர் போகிறாளே என்று தண்ணீரை மட்டும் குறைத்துவிடாதீர்கள். உடம்பு வற்றி ஆபத்தாகிவிடும்.

நீங்கள் சொல்வதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், அட்ரீனல் சுரப்பி கார்டிசால் என்ற ஹார்மோனை மிகையாகச் சுரக்கும் குஷிங் நோயாக இருக்க வாய்ப்பு அதிகம். சர்க்கரை நோயையும் பார்த்தாக வேண்டும். தல்லாகுளம் அரசு கால்நடை மருத்துவமனைக்குப் போகும் அன்று, விடிந்ததும் அவள் குந்தும்போது பின்பக்கமாக ஒரு குழிக்கரண்டியை நீட்டி முதல் சிறுநீரைப் பிடித்து, சுத்தமான பாட்டிலில் கொண்டுபோங்கள். சர்க்கரை, அடர்த்தி இரண்டும் அதிலேயே தெரியும். குஷிங்கை உறுதிசெய்ய டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஊசிக்கு முன்பு, 4 மணி நேரம், 8 மணி நேரம் கழித்து என மூன்று முறை ரத்தம் எடுப்பார்கள். ஒரு முழுநாள் ஆகும். குஷிங் உறுதியானால் தரும் ட்ரைலோஸ்டேன் மருந்தைச் சாப்பாட்டோடு கொடுக்க வேண்டும். வாந்தி எடுத்தாலோ, சாப்பிடாமல் சுருண்டு படுத்தாலோ மருந்தை நிறுத்திவிட்டு அன்றே டாக்டரைப் பாருங்கள்.

கார்டிசால் கூடினால் டி4 தானாகவே இறங்கும். அதனால் பிறகு ஒருநாள் டி4 0.8 என்று வந்தாலும் அதை மட்டும் வைத்துத் தைராய்டு மாத்திரை ஆரம்பிக்காதீர்கள். உண்மையிலேயே தைராய்டு குறைவென்று உறுதியானால் அளவே வேறு: கிலோவுக்கு 20 மைக்ரோகிராம், நாளைக்கு இரண்டு வேளை. ராணியின் எடைக்கு 100 மைக்ரோகிராம் மாத்திரை காலையில் ஆறு, மாலையில் ஆறு. மெடிக்கலில் திகைத்துப் பார்ப்பார்கள். ஆனால் நாயின் குடல் இந்த மருந்தைக் குறைவாகத்தான் உறிஞ்சும், உடம்பும் சீக்கிரம் வெளியேற்றிவிடும். இதயக் கோளாறு இருந்தால் டாக்டர் குறைவாகத் தொடங்குவார். வெறும் வயிற்றில் கொடுத்து ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பாடு. தயிர்சாதத்தில் ஒளித்துக் கொடுத்தால் பாதி வீண். ஆறு வாரம் கழித்து, மாத்திரை போட்ட 4 முதல் 6 மணி நேரத்துக்குள் ரத்தம் எடுத்து அளவைச் சரிபார்க்க வேண்டும்.

இன்னொன்று கேட்க வேண்டும். அரிப்புக்கென்று ப்ரெட்னிசோலோன் மாத்திரையோ, ஸ்டீராய்டு கலந்த காது சொட்டு மருந்தோ கொடுத்து வந்தீர்களா? நாள்பட்டுக் கொடுத்தால் இதே தாகமும் இதே தொங்கு வயிறும் வரும், டி4-ம் இறங்கும். மருந்து அட்டையைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். அந்த ஸ்டீராய்டை மட்டும் நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.