குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும்: நாய் பீ தின்பது பற்றிக் கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் ஒரு கால்நடை மருத்துவமனையில் 22 வருடம் உதவியாளராக இருந்தேன். நான் டாக்டர் இல்லை. ஆனால் மேசையில் நாயைப் பிடித்துக்கொண்டு நிற்பவள் காதில் விழாத கதை கிடையாது. நாய்களைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன வாரம் சொன்னேன். வந்ததில் பாதிக்கு மேல் ஒரே விஷயம், அதுவும் "சொல்லவே கூச்சமாக இருக்கிறது அக்கா" என்ற ஆரம்பத்தோடு. கூச்சம் எதற்கு? நம் ஆட்கள் இதற்குப் பழமொழியே வைத்திருக்கிறார்கள்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து: எட்டு மாத லாப்ரடார் கலப்பு. நல்ல சாப்பாடுதான் போடுகிறோம். ஆனாலும் தன் பீயைத் தானே தின்கிறான். பாட்டி அவனை வீட்டுக்குள் விடமாட்டேன் என்கிறார். இது நோயா அக்கா?

பெரும்பாலும் நோய் இல்லை தம்பி. சாப்பாட்டில் சத்து போதவில்லை என்று யாராவது சொல்லியிருப்பார்கள். முதலில் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பெஞ்சமின் ஹார்ட் என்ற பேராசிரியரும் அவர் குழுவும் நாய் வளர்ப்பவர்களிடம் பெரிய அளவில் விசாரித்து 2018-ல் வெளியிட்டார்கள். அடிக்கடி இந்த வேலை செய்யும் நாய்கள் 16 சதவீதம். அதாவது ஆறில் ஒன்று. என்ன சாப்பாடு, எத்தனை வயது, வெளியே போகப் பழகியதா என்பதிலெல்லாம் தின்னும் நாய்க்கும் தின்னாத நாய்க்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஒன்று மட்டும் தெரிந்தது: தட்டில் போட்டதை அவக்கென்று விழுங்கும் பேராசைக்கார நாய்கள்தான் இதிலும் முன்னால். உங்கள் லாப்ரடார் எப்படி என்று நான் கேட்கவே வேண்டாம்.

அவர்கள் கவனித்த இன்னொன்று எனக்குப் பிடித்தது. நாய்கள் தேடுவது பெரும்பாலும் இரண்டு நாளுக்கு உட்பட்ட புதுப் பீயை. குடல் புழுக்களின் முட்டை பலவும் வெளியே வந்த உடனே தொற்றாது, சில நாள் கிடந்து முதிர வேண்டும். ஓநாய்க் காலத்தில் குகை வாசலில் கிடந்ததை அதற்குள் தின்று தீர்த்த கூட்டம் பிழைத்தது, அந்தப் பழக்கம்தான் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பது அவர்கள் ஊகம். அது சரியென்றால் அவன் வீட்டைச் சுத்தம் செய்வதாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறான். பாட்டியிடம் சொல்லிப் பாருங்கள்.

வெருலத்திலிருந்து: சாப்பாட்டில் அன்னாசி கலந்தால் நிற்கும் என்கிறார்கள். மாத்திரையும் விற்கிறார்கள். மாமியார் மிளகாய்த்தூள் தூவச் சொல்கிறார். எது நல்லது?

மூன்றும் வேண்டாம். அன்னாசி இரண்டு துண்டு கொடுத்தால் நாய்க்குக் கெடுதல் இல்லை, சந்தோஷமாகத் தின்னும், அப்புறம் போய் இதையும் தின்னும். மாத்திரை, பொடி என்று விற்பவற்றில் பதினொன்றை அதே குழு விசாரித்தது. பலன் கண்டவர்கள் பூஜ்யத்திலிருந்து இரண்டு சதவீதம். அந்தக் காசுக்கு நல்ல மண்வாரி ஒன்று வாங்கலாம்.

மிளகாய்த்தூள் போட்டு ஒருவர் கொண்டுவந்த நாயைப் பார்த்திருக்கிறேன். கண்ணெல்லாம் சிவந்து, முன்காலால் மூக்கைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. தூள் போடாத குவியலைத் தேடித் தின்னக் கற்றுக்கொண்டதுதான் மிச்சம். பூண்டும் வெங்காயமும் சாப்பாட்டில் கலக்கச் சொல்பவர்களும் உண்டு. அவை நாயின் ரத்தச் சிவப்பணுக்களையே உடைக்கும். கிட்டே கொண்டுபோகாதீர்கள்.

ஃபீனிக்ஸிலிருந்து: என் வீட்டுக்காரர் நாயின் மூக்கை அதிலேயே வைத்துத் தேய்த்து அடிக்கிறார். அப்படித்தான் பழக்க வேண்டும் என்கிறார்.

அடித்தால் நாய் கற்பது ஒன்றுதான்: இந்த மனுஷன் வருவதற்குள் முழுங்கிவிட வேண்டும். சில குட்டிகளுக்கு இப்படித்தான் பழக்கம் முற்றுகிறது. பீ போட்டாலே அடி என்று பயந்து, தடயமே இல்லாமல் தின்றுவிடும்.

செய்ய வேண்டியது இது. சாப்பிட்டுக் கால் மணி, அரை மணி நேரத்தில் குட்டிக்கு வரும். அந்த நேரத்தில் கயிறு போட்டு நீங்களே வெளியே அழைத்துப் போங்கள். கையில் வேகவைத்த கோழி ஈரல், சுண்டுவிரல் நகம் அளவுக்கு வெட்டியது. (பில்டாங் என்ற உப்புக்கண்டம் வேண்டாம், உப்பு அதிகம்.) நாய் குந்தும்போது பேசாமல் நில்லுங்கள். முதுகு நிமிர்ந்ததும் திரும்பி மோந்து பார்க்கப் போகும் பாருங்கள், அதற்கு ஒரு நொடி முன்னால் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, இரண்டடி பின்னால் நகர்ந்து, வந்ததும் ஈரலைக் கொடுங்கள். தின்று முடிப்பதற்குள் அள்ளிவிட வேண்டும். மூன்று நான்கு வாரத்தில் வேலை முடிந்ததும் உங்கள் முகத்தைப் பார்க்க ஆரம்பிக்கும். நடுவில் ஒரு நாள் விட்டால் பழைய கதைதான்.

டோங்காட்டிலிருந்து ஒரு பெரியவர்: குரங்குத் தொல்லை, தங்கச்சி. கூரையிலும் மாமரத்தடியிலும் குரங்கு போட்டுவிட்டுப் போவதை என் நாய் தேடிப் பிடித்துத் தின்கிறது. ஆபத்தா?

டர்பன் பக்கம் மரம் வைத்திருக்கும் வீடெல்லாம் இதே புலம்பல்தான் அண்ணா. வெர்வெட் குரங்கு பழம் தின்பது, அதன் எச்சத்தில் பழ வாசனை இருக்கும், நாய்க்கு அது மிட்டாய். வயிற்றுப்போக்கும் புழுவும் வரலாம். ஆனால் எனக்குப் பயம் வேறு: குரங்கு பாதி கடித்துப் போடும் மாங்கொட்டை. அதை விழுங்கிக் குடல் அடைத்து அறுவைக்கு வந்த நாய்களை எண்ணி முடியாது. மாம்பழக் காலத்தில் காலையிலும் மாலையிலும் மரத்தடியைக் கூட்டுங்கள். நாய் சாப்பாட்டை வெளியே தட்டில் விட்டுவைக்காதீர்கள், குரங்கு வருவதே பாதி அதற்காகத்தான். மூலையில் மாட்டிய குரங்கு நாயைக் கிழித்துவிடும், அதையும் மறக்க வேண்டாம்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து: ஊருக்கு வெளியே கொஞ்சம் நிலம், மாடு இரண்டு, கோழிகள். நாய் சாணி தின்கிறது. சாணிதானே என்று விட்டுவிட்டோம்.

விடாதீர்கள். இந்த ஊரில் எனக்கு உண்மையாகவே பயம் தரும் விஷயம் இதில்தான் இருக்கிறது. ஸ்பைரோசெர்கா லூபை என்று ஒரு புழு. டர்பன், பிரிட்டோரியா பக்கத்து நாய்களுக்குச் சகஜமாக வருவது. பீயைத் தின்பதால் நேராக வராது. அதன் முட்டையைச் சாண வண்டு தின்னும், வண்டுக்குள் குஞ்சுப் புழு வளரும், குவியலோடு வண்டையும் நாய் விழுங்கும். வண்டைத் தின்ற கோழி, பல்லி வழியாகவும் வரும். வயிற்றிலிருந்து ரத்தக் குழாய்ச் சுவரைத் துளைத்துக்கொண்டு பெருந்தமனிக்குப் போய், சில மாதம் கழித்து உணவுக்குழாயில் கட்டி கட்டும். அந்தக் கட்டி சில நாய்களில் புற்றாக மாறும். பெருந்தமனி வெடித்து, காலையில் ஓடித் திரிந்த நாய் மத்தியானம் செத்துக் கிடந்ததும் உண்டு.

அடையாளம்: சாப்பிட்டதை மெல்லாத மாதிரி அப்படியே கக்குவது, எச்சில் வடிவது, இளைப்பது. ஒரு ராட்வைலரை "வாந்தி" என்று கொண்டுவந்தார்கள். வயிறு குமட்டவே இல்லை, தலையைக் குனிந்ததும் சோறு குழாய் வடிவத்தில் வழுக்கி விழுந்தது. எக்ஸ்ரேயிலும், குழாய்க் கேமரா விட்டும் பார்த்ததில் கட்டி. சீக்கிரம் கண்டால் டோராமெக்டின் ஊசியால் புழுவைக் கொல்லலாம். கோலி என்ற ஆடு மேய்க்கும் இன நாய்களுக்கு அந்த மருந்து ஆபத்து, டாக்டரிடம் நாயின் இனத்தைச் சொல்லிவிடுங்கள். அதே காரணத்தால், மாட்டுக்கு ஐவர்மெக்டின் (அதே வகைப் பூச்சி மருந்து) போட்ட நாட்களில் கோலியைச் சாணிப் பக்கமே விடக்கூடாது. மாதம் ஒரு முறை கொடுக்கும் தடுப்பு மருந்துகளில் இந்தப் புழுவுக்கும் சேர்த்துக் காப்பது எது என்று டாக்டரைக் கேளுங்கள். சாதாரணப் பூச்சி மாத்திரை எல்லாம் இதைத் தொடாது.

லெனேஷியாவிலிருந்து: இரண்டு வயது ஜெர்மன் ஷெப்பர்ட். எவ்வளவு போட்டாலும் பசி, எலும்பும் தோலுமாக இருக்கிறது. பீ மஞ்சளாக, எண்ணெய்ப் பசையோடு மலை மாதிரி. அதையே திரும்பத் தின்கிறது.

இது பழக்கம் இல்லை, நாளைக்கே டாக்டரிடம் போங்கள். கணையம் செரிமான நொதிகளைச் சுரக்காத நோயாக இருக்கலாம், ஜெர்மன் ஷெப்பர்டுகளுக்கு அதிகம் வரும். சாப்பாடு செரிக்காமலே வெளியே வருகிறது, நாய்க்கு அது இன்னும் சாப்பாடுதான். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். நொதிப் பொடியைச் சோற்றில் கலந்து ஆயுசுக்கும் கொடுக்க வேண்டும், விலை கூடத்தான்.

பெரிய நாய் திடீரென்று இதைத் தொடங்கினாலும் காட்டிவிடுங்கள். சர்க்கரை நோயாக இருக்கலாம், ஸ்டீராய்டு மாத்திரை தரும் பசியாகவும் இருக்கலாம். மீலி மாவுக் களியும் (மக்காச்சோளக் களி) குழம்பும் மட்டும் போட்டு வளர்க்கும் வீடுகளில் காரணம் வெறும் பசிதான்.

மியர்பேங்க்: பூனையின் மணல் பெட்டியில் தலையை விடுகிறது.

பூனைச் சாப்பாட்டில் புரதம் அதிகம், அதனால் அதன் கழிவும் ருசி. பெட்டியைப் பூனை ஏறும் உயரத்தில் வையுங்கள். கட்டியாகும் மணலை விழுங்கினால் குடல் அடைக்கும்.

இசிபிங்கோ: குட்டி போட்ட தாய் நாய் குட்டிகளுடையதைத் தின்கிறது, தடுக்கவா?

வேண்டாம், அது அவள் வேலை. குட்டிகள் சோறு தின்னத் தொடங்கினால் அவளே பெரும்பாலும் நிறுத்திவிடுவாள்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து இன்னொருவர்: தின்றுவிட்டு வந்து என் பிள்ளையின் முகத்தை நக்குகிறது!

முகத்தையும் கையையும் சோப்பு போட்டுக் கழுவுங்கள், பதற வேண்டாம். நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை பூச்சி மருந்து. பார்வோ (குட்டிகளைக் கொல்லும் வயிற்றுப்போக்கு நோய்) தடுப்பூசி போட்டு முடியாத குட்டியைத் தெருவில் மற்ற நாய்களின் கழிவுக்கிட்டே விடவே கூடாது, அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். வெறிநாய்க்கடி நோய் பீ வழியாகப் பரவாது. ஆனாலும் அந்த ஊசி இந்த நாட்டில் சட்டப்படி கட்டாயம்.

சாட்ஸ்வொர்த் தம்பி மறுபடியும்: அப்படியென்றால் ஆயுசு முழுக்க அள்ளிக்கொண்டே இருக்க வேண்டுமா அக்கா?

ஆமாம். தோட்டத்துக்கு ஒரு நாளைக்கு இரண்டு சுற்று. வெளியே போகும்போது கூடை வடிவ முகமூடி போடலாம், ஆனால் கெட்டிக்கார நாய் அதைக் குவியலில் அழுத்தி ஜல்லடை மாதிரி பிழிந்து நக்கும், அப்புறம் அதைக் கழுவுவதும் நீங்கள்தான். எங்கள் வீட்டில் மண்வாரி பின்கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது. அதை எடுக்கும் சத்தம் கேட்டாலே என் நாய் எனக்கு முன்னால் ஓடுகிறது. இப்போதெல்லாம் பாதி நாள் நான்தான் முந்துகிறேன்.