அளக்கும் கருவியே கணக்கைக் கூட்டுகிறதா?

நாகர்கோவிலில் பொறியியல் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: சின்ன ஃபங்ஷன் ஒன்றை ஹார்டுவேர் கவுன்ட்டர் (ஓடிய கட்டளை போன்றவற்றை எண்ணும், பிராசஸருக்குள்ளேயே இருக்கும் எண்ணி) வைத்து அளந்தால், அதிலுள்ள கட்டளைகளைவிட எண்ணிக்கை பல மடங்கு கூட வருகிறதே, ஏன்?

எண்ணுவதற்கு அனேகமாகச் செலவே இல்லை. பிராசஸருக்குள் இருக்கும் சர்க்யூட் அது பாட்டுக்கு எண்ணும். செலவெல்லாம் வாசிப்பதில்தான். லினக்ஸில் ரீட் சிஸ்டம் கால் போட்டால், அதாவது எண்ணிக்கையைத் தரும்படி இயங்குதளத்திடம் கேட்டால், அதன் மையப் பகுதியான கெர்னலுக்குள் போய்த் திரும்ப வேண்டும். அந்த வழியில் ஓடும் கட்டளைகளில் ஒரு பங்கும் உங்கள் கணக்கில் ஏறிவிடும். லினக்ஸின் பெர்ஃப் என்ற அளக்கும் கருவியில், எதை எண்ண வேண்டும் என்று சொல்லும் ஈவன்ட் பெயருக்குப் பின் முக்காற்புள்ளியும் ‘யு’வும் (:u) சேர்த்தால் கெர்னல் பங்கு எண்ணிக்கையில் வராது, ஆனால் நேரம் போனது போனதுதான். இன்டெல், ஏஎம்டி சில்லுகளில் ஆர்டிபிஎம்சி (rdpmc) என்ற கட்டளை கெர்னலைத் தொடாமலே வாசிக்கும். எனக்குப் பிடித்தது இதுதான்.

அப்புறம், குலசேகரம் பக்கம் ரப்பர் பால் எடை போடும்போது வாளி எடையைக் கழிப்பார்களே, அதையே இங்கும் செய்யுங்கள்: நடுவில் ஒன்றுமே இல்லாமல் அடுத்தடுத்து இரண்டு முறை வாசியுங்கள். பலமுறை இப்படி எடுத்து, கிடைக்கும் மிகக் குறைந்த வித்தியாசத்தைக் கழியுங்கள்.

எண்ணிக்கைகளைப் பட்டியலிடும் பெர்ஃப் ஸ்டாட் (perf stat) வரியின் கடைசியில் அடைப்புக்குறிக்குள் சதவீதம் தெரிந்தால் அது வேறு சிக்கல். கவுன்ட்டர் போதாமல் முறை வைத்து எண்ணி, பெருக்கிப் போட்ட உத்தேசக் கணக்கு அது. ஈவன்ட்டுகளைக் குறைத்து மறுபடி ஓட்டுங்கள்.