‘கிக்’ என்று தொடங்கினால் உதையா? கேள்வி பதில்

ஆங்கிலத்தில் ‘கிக்’ என்ற ஒரே வினைச்சொல்லை வைத்துக்கொண்டு எத்தனையோ கொச்சை வழக்குகள். அவற்றைப் பற்றி நண்பர்கள் கேட்டவை கீழே. இயன்றவரை பதில் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் வெளிநாட்டு வாடிக்கையாளரின் அப்பா இறந்துவிட்டார். இரங்கல் மின்னஞ்சலில் ‘கிக்ட் த பக்கெட்’ என்று எழுதலாமா சார்? இறப்பைக் குறிக்கும் மரபுத்தொடர் என்று படித்தேன்.

ஐயோ, அனுப்பிவிடாதீர்கள். “உங்கள் அப்பா மண்டையைப் போட்டாராமே, வருந்துகிறேன்” என்று எழுதினால் எப்படி இருக்கும்? அதேதான் இது. ‘பாஸ்ட் அவே’ என்று எழுதுங்கள், நம் ‘காலமானார்’ போல அடக்கமாக இருக்கும்.

இந்தத் தொடர் பிறந்த இடமே அப்படி. லண்டனில் 1785இல் ஃபிரான்சிஸ் குரோஸ் வெளியிட்ட கொச்சைச் சொல் அகராதியிலேயே ‘சாவது’ என்ற பொருளோடு இது வந்துவிட்டது. பக்கெட் என்றதும் நமக்குக் குளியலறை வாளிதான் நினைவுக்கு வரும். ஆனால் இங்கிலாந்தின் நார்ஃபோக் வட்டாரத்தில் அறுத்த பன்றியைப் பின்னங்கால் கட்டித் தொங்கவிடும் குறுக்குக் கட்டைக்கும் பக்கெட் என்றே பேர். உயிர் போகும்போது காலை உதறும் பன்றி அந்தக் கட்டையை உதைக்கும். அறிஞர்களில் பலர் இந்த விளக்கத்தின் பக்கம்தான் சாய்கிறார்கள். வாளிமேல் ஏறித் தூக்கு மாட்டிக்கொண்டவன் அதை உதைத்துத் தள்ளினான் என்ற கதையும் உலவுகிறது. கேட்கச் சுவாரசியமாக இருக்கிறது, ஆதாரம்தான் இல்லை.

கேள்வி: அப்படியானால் ‘பக்கெட் லிஸ்ட்’?

இதன் குழந்தைதான். சாவதற்கு முன் செய்ய நினைப்பவற்றின் பட்டியல். 2007இல் அந்தப் பேரிலேயே ஹாலிவுட் படம் ஒன்று வந்த பிறகுதான் ஊரெல்லாம் பரவியது. வேடிக்கை என்னவென்றால், குழந்தைக்குத் தாயின் துடுக்குத்தனம் ஒட்டவில்லை. பாட்டியிடம்கூட “உங்கள் பக்கெட் லிஸ்ட்டில் காசி இருக்கிறதா?” என்று தாராளமாகக் கேட்கலாம்.

கேள்வி: ஆபீசில் ‘கிக்-ஆஃப் மீட்டிங்’ என்கிறோம். லண்டனில் இருக்கும் தம்பி “நேற்று பப்பில் கிக் ஆஃப் ஆகிவிட்டது” என்று பதறுகிறான். என்ன ஆரம்பித்ததாம்?

அடிதடி! கால்பந்தை நடுவட்டத்தில் வைத்து முதல் உதை உதைப்பதுதான் மூலம். அதிலிருந்து எந்த வேலையின் தொடக்கத்துக்கும் அந்தப் பேர் வந்தது. பிரிட்டிஷ் பேச்சுவழக்கில் மட்டும் ‘இட் கிக்ட் ஆஃப்’ என்றால் சண்டை மூண்டுவிட்டது என்று அர்த்தம். எது கிக் ஆஃப் ஆனது என்று கவனியுங்கள். ‘ப்ராஜெக்ட்’ என்று எழுவாய் தெளிவாக இருந்தால் பயமில்லை. ‘இட்’ என்று மொட்டையாக வந்தால் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.

கேள்வி: ‘கிக்பேக்’ என்றால் லஞ்சம்தானே? அமெரிக்க மேனேஜர் என்னிடம் “வீக்கெண்டில் கிக் பேக் பண்ணு” என்கிறாரே?

பயப்படாதீர்கள், காலை நீட்டி ஓய்வெடுக்கச் சொல்கிறார். பெயர்ச்சொல்லாகச் சேர்த்து எழுதினால் கமிஷன், நம் ஊர் பாஷையில் கட்டிங். வினையாகப் பிரித்து எழுதினால் ஓய்வு. பேச்சில் காதுதான் துணை. லஞ்சத்துக்கு ‘கிக்’கில் அழுத்தம் விழும், ஓய்வுக்கு ‘பேக்’கில் விழும்.

போஃபர்ஸ் பீரங்கி விவகாரத்தைச் சுவீடன் வானொலி வெளியிட்டது 1987 ஏப்ரலில். அந்த ஆண்டுகளில் ஆங்கிலப் பத்திரிகை படித்த இந்தியர்களிடம் கேட்டுப் பாருங்கள், ‘கிக்பேக்’ என்றதும் பீரங்கிதான் ஞாபகம் வரும். ஒப்பந்தப் பணத்தில் ஒரு பங்கு திரும்பி வந்து யாரோ ஒருவர் பைக்குள் விழுவதால்தான் அந்த ‘பேக்’. மேசைக்கு அடியில் நேராகக் கொடுக்கும் ஐந்நூறு ரூபாயை ‘பிரைப்’ என்றே சொல்லுங்கள். அது கிக்பேக் ஆகாது.

கேள்வி: ‘கிக் இன்’ என்று டாக்டர் சொல்கிறார். எதை உதைக்க வேண்டும் அக்கா?

எதையும் வேண்டாம். மாத்திரை வேலை செய்யத் தொடங்குவதுதான் ‘கிக் இன்’. கரண்ட் போனதும் ஜெனரேட்டர் தானாக ஓட ஆரம்பித்தாலும் இதுதான், புதுச் சம்பள விகிதம் ஏப்ரலில் அமலுக்கு வந்தாலும் இதுதான். இந்தக் கூட்டத்திலேயே அதிகம் பயன்படுகிற உருப்படி இது. கொச்சை வாடை குறைவு, அலுவலகத்திலும் கூசாமல் சொல்லலாம். ஒன்றே ஒன்றை மட்டும் கற்றுக்கொள்வேன் என்றால் இதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: “கிக் ஏறுது” என்று நாம் சொல்வதும் ஆங்கிலத்திலிருந்து வந்ததுதானா?

ஆமாம். மதுவின் சுரீர் என்ற வேகத்துக்கு அவர்களும் ‘கிக்’ என்றுதான் சொல்வார்கள். ஆனால் அங்கே அது ஏறுவதில்லை. பானத்துக்குக் கிக் ‘இருக்கும்’, மிளகாய்ச் சட்னிக்கும் இருக்கும். ஒன்றை ரசித்தால் அதிலிருந்து கிக் ‘கிடைக்கும்’. ஏற்றிவிட்டது நாம்தான். போதையும் பித்தும் நமக்குத் தலைக்கு ஏறுகிறவை ஆயிற்றே.

கேள்வி: ‘கிக் த கேன் டவுன் த ரோட்’ என்று செய்தியில் அடிக்கடி வருகிறது.

பிரச்சினையைத் தீர்க்காமல் தள்ளிப்போடுவது. தெருவில் கிடக்கும் தகரடப்பாவை உதைத்தால் கொஞ்சதூரம் போய் விழும். அங்கே போனதும் மறுபடி உதைக்க வேண்டியதுதான். 2010க்குப் பிறகு கிரீஸ் நாட்டுக் கடனைப் பற்றி எழுதியவர்கள் இந்த டப்பாவை நசுங்கும்வரை உதைத்தார்கள். எனக்கு அலுத்துவிட்டது, ‘போஸ்ட்போன்’ என்றே எழுதுவேன்.

கேள்வி: ‘கிக்-ஆஸ் பிரசன்டேஷன்’ என்று மேலதிகாரியைப் பாராட்டலாமா?

‘பிரமாதமான’ என்றுதான் அர்த்தம், ஆனால் ‘ஆஸ்’ என்பது பின்புறத்தைக் குறிக்கும் கொச்சைச் சொல். அவர் முதலில் உங்களை அப்படிப் பாராட்டட்டும். அதுவரை ‘எக்ஸலன்ட்’ போதும்.

கேள்வி: சர்ச்சில் ஆங்கில பைபிள் வாசித்தபோது ‘கிக் அகெய்ன்ஸ்ட் த பிரிக்ஸ்’ என்று வந்தது. பின்வரிசைப் பையன்கள் சிரித்தார்கள். ஏன் என்று புரியவில்லை ஐயா.

1611இன் கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பில், அப்போஸ்தலர் நடபடிகளில் வருவது. தமிழ் வேதாகமத்தில் ‘முள்ளில் உதைக்கிறது’ என்று படித்திருப்பீர்கள். உழவன் தார்க்குச்சியால் குத்தும்போது மாடு அதை எதிர்த்து உதைத்தால் முள் இன்னும் ஆழமாக இறங்கும். அதுதான் அந்த உவமை. ‘பிரிக்’ என்ற அந்தக் கடைசிச் சொல் இன்றைய தெருப்பேச்சில் ஆணுறுப்பைக் குறிக்கும். பையன்கள் சிரித்தது அதற்குத்தான். வாசிப்பில் உள்ளபடியே வாசியுங்கள். பேச்சில் ‘கிக் அகெய்ன்ஸ்ட்’ என்று சொல்லிவிட்டு, எதை எதிர்க்கிறார்களோ அதன் பேரைப் பின்னால் போட்டுக்கொள்ளுங்கள்.