டிஎன்பி இல்லாம என்பி ஆக முடியாதான்னு கேட்ட தங்கச்சிக்கு

மதுரைல பிஎஸ்சி நர்சிங் முடிச்சு டல்லாஸ் வந்து எட்டு மாசம் ஆச்சு, நர்ஸ் பிராக்டிஷனர் (என்பி, பேஷண்ட பாத்து மருந்து எழுதுற நர்ஸ்) ஆகணும், ஆனா 2025க்கு மேல டிஎன்பிங்கிற நர்சிங் டாக்டரேட் இல்லாம லைசென்ஸே கெடைக்காதுன்னு வார்டுல சொல்றாங்க, நெஜமாக்கான்னு கேட்டிருக்கீங்க. இல்லம்மா. அந்த பயத்துல போய் எங்கயும் சேந்துடாதீங்க.

நர்சிங் காலேஜுங்களோட சங்கம் 2004லயே, 2015க்குள்ள எல்லாரையும் டிஎன்பிக்கு மாத்தணும்னு சொன்னாங்க, நடக்கல. அப்புறம் என்பி டீச்சர்ஸ் அமைப்பு 2018ல 2025ன்னு ஒரு வருஷத்த வச்சாங்க. அது அவங்க இலக்கு, சட்டம் இல்ல. லைசென்ஸ் குடுக்குறது ஸ்டேட் போர்டு, இங்க டெக்சாஸ்ல மாஸ்டர்ஸ் முடிச்சு நேஷனல் சர்டிபிகேஷன் பாஸ் பண்ணா என்பி ஆகலாம். மயக்க மருந்து குடுக்குற சிஆர்என்ஏ படிப்புக்குத்தான் 2022லேர்ந்து புதுசா சேர்றவங்களுக்கு டாக்டரேட் கட்டாயம், ரெண்டையும் போட்டு கொழப்பிக்கிறாங்க.

நான் மொதல்ல எம்எஸ்என், அதாவது நர்சிங் மாஸ்டர்ஸ்தான் பண்ணேன், குடும்பத்துல எல்லா வயசுக்காரங்களையும் பாக்குற எப்என்பி பிரிவு. அதுல பாடம் கஷ்டம் இல்ல, ப்ரிசெப்டர், அதாவது கிளினிக்ல கூட வச்சு பயிற்சி குடுக்குறவங்க, அவங்கள தேடுறதுலதான் உயிர் போச்சு. சேரும்போது நாங்களே ஏற்பாடு பண்ணுவோம்னு சொன்ன காலேஜ், செமஸ்டர் ஆரம்பிக்க மூணு வாரம் இருக்கும்போது நீங்களே பாத்துக்கோங்கன்னு கைய விரிச்சிட்டாங்க. லஞ்ச் பிரேக்ல கார்ல உக்காந்து ஒவ்வொரு கிளினிக்கா போன் பண்ணி, நாப்பது எடம் இருக்கும், ஒருத்தரும் கெடைக்காம ஒரு செமஸ்டரே போச்சு. அதனால நீங்க காலேஜ்ல கேக்குற மொத கேள்வியே ப்ரிசெப்டர் யார் குடுப்பாங்கன்னு இருக்கட்டும், அதுவும் எழுத்துல வாங்குங்க.

டிஎன்பி நாலு வருஷம் கழிச்சு, நானா ஆசப்பட்டு படிச்சேன். சம்பளம் பெருசா ஏறல. டெக்சாஸ்ல மருந்து எழுத டாக்டரோட போடுற அக்ரிமெண்டும் அப்படியேதான் இருக்கு, பக்கத்துல நியூ மெக்சிகோல அது வேண்டாம், மாஸ்டர்ஸ் படிச்சவங்களுக்கும் வேண்டாம், ஏன்னா அது டிகிரிய பொறுத்தது இல்ல, ஸ்டேட்ட பொறுத்தது.

ஆனா படிச்சதுல எனக்கு துளிகூட வருத்தம் இல்ல. என்னோட ப்ராஜெக்ட் சுகர் பேஷண்டோட கால். பாத்தா எங்க கிளினிக்ல பாதிப்பேருக்கு கால் பாக்கவே இல்ல, ஏன்னா ஷூவ யாரும் கழட்ட சொல்றதில்ல. ரூம்ல உக்கார வைக்கும்போதே மெடிக்கல் அசிஸ்டண்ட் ஷூ, சாக்ஸ் ரெண்டையும் கழட்ட வைக்கணும்னு மாத்துனோம், அவ்வளவுதான். மூணாவது வாரம் ஒரு மெக்சிகோ பாட்டி, கால்ல உணர்ச்சி இருக்கான்னு பாக்குற மோனோபிலமெண்ட்ங்கிற நைலான் இழைய வச்சு அழுத்துறேன், கண்ண மூடிட்டு இன்னும் தொடலையேன்னு காத்துட்டு இருக்காங்க, கட்டவிரலுக்கு அடியில புண்ணு, அவங்களுக்கு தெரியவே இல்ல. சீக்கிரம் பாத்ததால விரல் பொழச்சுது.

இப்ப நீங்க ரெண்டு வருஷமாவது வார்டுல கை பழகுங்க. ஏஜென்சி காண்ட்ராக்ட் முடியாம வேலை நேரத்த கொறைக்காதீங்க. படிப்புக்கு ஆஸ்பத்திரி குடுக்குற காசுல வருஷத்துக்கு 5,250 டாலர் வரைக்கும் டாக்ஸ் கெடையாது, எச்ஆர்ல கேளுங்க. எம்ஜிஆர் யூனிவர்சிட்டி ட்ரான்ஸ்கிரிப்ட்டுக்கு இப்பவே எழுதிப் போடுங்க. ப்ரிசெப்டர் கெடைக்கலன்னா தயங்காம எனக்கு மெசேஜ் பண்ணுங்க, நான் டல்லாஸ் பக்கத்துல இர்விங்லதான் இருக்கேன், வருஷத்துக்கு ஒரு ஸ்டூடண்ட எடுத்துக்குறேன்.