புயல் சமயத்தில் ஈசிஆரில் கேரவன் டிரெய்லர் இழுத்துக்கொண்டு போகலாமா?

டிசம்பர் விடுமுறையில் சென்னையிலிருந்து ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) வழியாகப் புதுச்சேரி, காருக்குப் பின்னால் கேரவன் டிரெய்லர் (படுத்துத் தங்கும் வசதியுள்ள இழுவை வண்டி), வழியில் புயல் வந்தால் எப்படி ஓட்டுவது என்று கேட்டிருக்கிறீர்கள். ஓட்டாதீர்கள், அவ்வளவுதான். "பயமாக இருந்தால் வீட்டிலேயே கிட" என்று கீழே எழுத வருகிறவர்கள் முதலில் இந்தக் கணக்கைப் பார்த்துவிடட்டும்.

டிரெய்லர் ஐந்து மீட்டர் நீளம், இரண்டேகால் மீட்டர் உயரம் என்றால் பக்கச் சுவர் மட்டும் 11 சதுர மீட்டர். மணிக்கு 60 கி.மீ. பக்கக் காற்று அதை ஏறக்குறைய 190 கிலோ விசையோடு தள்ளும். 90 கி.மீ. என்றால் 420 கிலோ. டிரெய்லரின் மொத்த எடையே ஒரு டன் சொச்சம்தான்.

டிவியில் 'மூன்றாம் எண் கூண்டு' என்று கத்துவது துறைமுகத்துக்கு, உங்களுக்கு அல்ல. வானிலை அறிக்கையில் 'மணிக்கு 60 முதல் 70, இடையிடையே 80 கி.மீ.' என்று வரும் பாருங்கள், அந்த 80தான் உங்கள் எண். கவிழ்ப்பது சராசரிக் காற்று இல்லை, திடீர் வீச்சு. அந்த எண் 50ஐத் தொட்டாலே கிளம்பக் கூடாது என்பது என் கட்சி. முட்டுக்காடு பாலம், பாலாற்று முகத்துவாரம் போன்ற இடங்களில் கடற்காற்றைத் தடுக்க ஒன்றுமே இல்லை.

கடலை விட்டு உள்ளே போகும் ஜி.எஸ்.டி. சாலைக்குத் திரும்பினால் காற்று குறையும், ஆனால் தண்ணீரும் குறையும் என்று சொல்ல முடியாது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி நகராமல் நின்றதில் விழுப்புரம் பக்கமே மூழ்கியது.

நடுவழியில் மாட்டிக்கொண்டு டிரெய்லர் ஆட ஆரம்பித்தால் காரின் பிரேக்கை மிதிக்காதீர்கள், ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் ஒடிக்காதீர்கள், வேகத்தைக் கூட்டி 'நிமிர்த்த'வும் பார்க்காதீர்கள். ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து ஆக்சிலேட்டரை மெதுவாக விடுங்கள். டிரெய்லருக்கு எலெக்ட்ரிக் பிரேக் இருந்தால், காருக்குள் இருக்கும் அதன் கன்ட்ரோலரின் கை லீவரால் டிரெய்லரை மட்டும் பிடியுங்கள். ஓவர்ரன் பிரேக்கில் (கார் வேகம் குறையும்போது டிரெய்லர் முன்னால் தள்ளுகிற விசையிலேயே பிடிப்பது) அந்த வசதி கிடையாது. பாதி ஆட்டத்துக்குக் காரணம் சாமான் அடுக்குவதுதான். ஒரு டன் டிரெய்லர் என்றால் காரோடு இணைக்கும் கொக்கியில் 70 முதல் 100 கிலோ எடை இறங்க வேண்டும், கொக்கியின் வரம்பைத் தாண்டாமல். பின்பக்கம் ஜெனரேட்டரை ஏற்றினால் அது போச்சு.

நிறுத்தும்போது மரத்தடி கூடாது, சவுக்குத் தோப்பு ஓரமும் கூடாது. முகப்பைக் காற்றை நோக்கி வைத்துக் காரைக் கழற்றாமல் விடுங்கள். ஆனால் புயலின் மையம் தலைக்கு மேல் கடந்தால் காற்று ஓய்ந்து, பிறகு எதிர்த்திசையிலிருந்து அடிக்கும். 2016 டிசம்பர் 12, வர்தா புயல் அன்று சென்னை பார்த்தது அதைத்தான். அந்த இடைவெளியில் வெளியே வந்து செல்ஃபி எடுக்க வேண்டாம். சக்கரத்துக்கு இரு பக்கமும் கட்டை, ஆனிங்கை (பக்கவாட்டு நிழல் துணி) சுருட்டிப் பூட்டு, கூரை ஜன்னல் மூடு, சிலிண்டர் வால்வு மூடு, தண்ணீர்த் தொட்டியை நிரப்பு. 100 லிட்டர் என்றால் அடியில் 100 கிலோ சும்மா கிடைக்கிறது. நாலு மூலை ஜாக்குகள் ஆட்டத்தைக் குறைக்கத்தான், காற்றைத் தாங்க அல்ல. இத்தனையும் செய்துவிட்டு நீங்கள் போய்ப் படுக்க வேண்டியது கான்கிரீட் கட்டடத்தில். இடிக்கு ஒதுங்கவும் ஃபைபர் பெட்டி உதவாது, உலோக உடல் உள்ள கார் பரவாயில்லை.

சுரங்கப்பாதையில் தண்ணீரைப் பார்த்தால் இறங்காதீர்கள், டிரெய்லரோடு ரிவர்ஸ் எடுத்து மீள்வது நடக்காத காரியம். டிரெய்லரின் தரை 10 சதுர மீட்டர், அதற்கு மேல் 10 செ.மீ. தண்ணீர் ஏறினாலே ஒரு டன் மிதப்பு விசை. கசிவில் கொஞ்சம் குறையும், ஆனாலும் சக்கரம் பிடிப்பை விட்டுவிடும். ஓடிச் சூடான ஹப் (சக்கரத்தின் நடுவே பேரிங் இருக்கும் பகுதி) தண்ணீரில் முங்கினால் உள்காற்று சுருங்கி சீல் வழியே தண்ணீரை இழுக்கும். ஊர் வந்ததும் கழற்றிப் பாருங்கள். கிரீஸ் பால் காபி நிறத்தில் இருந்தால் மண்ணெண்ணெயில் கழுவி, காயவைத்து, புது சீல், புது கிரீஸ்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ரொம்ப நாள் எரிச்சல். காரில் டோ பார் (இழுவைக் கம்பி) வெல்டிங் செய்து தருகிற பட்டறைகளில், டிரெய்லரை மாட்டும் 50 மி.மீ. பந்தும் இரண்டு அங்குலப் பந்தும் ஒன்றுதான் என்கிறார்கள். இரண்டு அங்குலம் 50.8 மி.மீ. இரண்டு அங்குலக் கப்ளரில் (பந்தைக் கவ்வும் டிரெய்லரின் முனை) 50 மி.மீ. பந்தைப் போட்டால், அந்த 0.8 இடைவெளியில், அதுவும் தேய்ந்த கப்ளர் என்றால், கடகடவென்று ஆடி, ஒரு குழியில் கழன்றுகொள்ளும். பந்தின் மேல் அளவு பொறித்திருக்கும், காசு கொடுக்கும் முன் படியுங்கள். சேஃப்டி செயினையும் குறுக்காக மாட்டச் சொல்லுங்கள்.