சின்ன அறைதானே?

கேள்வி: நல்ல ஹெட்போனில் ஒவ்வொரு வில்லின் உரசலும் துல்லியமாகக் கேட்கிறது. நாலே பேர் வாசிக்கும் சேம்பர் மியூசிக்கை இன்றும் நேரில் போய்க் கேட்பதால் என்ன கூடுதலாகக் கிடைத்துவிடும்? சின்ன அறைக்குள் அடங்கிவிடுகிற இசைதானே?

பதில்: ஹெட்போனை அப்புறம் பார்ப்போம். நீங்கள் போகிற போக்கில் போட்டுவிட்டுப் போன ‘அறை’யைப் பிடித்துக்கொள்கிறேன்.

தமிழில் அறை என்றால் நாலு சுவர். கன்னத்தில் விழுவதும் அறை. பறையை அறைவார்கள், ஊருக்குச் செய்தி சொல்வதற்கும் பழைய வழக்கில் அறைதல் என்றே பெயர். சண்டைக்குக் கூப்பிட்டால் அறைகூவல். ஒரே சொல் இடமாகவும் இருக்கிறது, அடியாகவும் குரலாகவும் இருக்கிறது. கலைச்சொல் ஆக்குகிறவர்களோடு எனக்குத் தீராத வழக்கு உண்டு. வயலினின் சற்றே பெரிய உறவான வயோலாவுக்கும், உட்கார்ந்து முன்னால் நிறுத்தி வாசிக்கும் செல்லோவுக்கும் தமிழ்ப் பெயர் சூட்டத் துடிப்பவர்களோடு இன்றைக்கும் சமாதானம் ஆகவில்லை. ஆனால் சேம்பர் மியூசிக்கை ‘அறை இசை’ என்று எழுதியவருக்கு என் கைகூப்பு. மூலச் சொல் இசை நடக்கும் இடத்தைச் சொல்வதோடு நின்றுவிடுகிறது. தமிழில் அறையே வாய் திறக்கிறது. நடப்பதும் அதுதான். கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

15 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம், 6 மீட்டர் உயரத்தில் ஓர் அறை. கன அளவு 810 கன மீட்டர். பூசிய சுவர், மரத்தளம், மெத்தை இல்லாத நாற்காலிகள். ஒலி நின்ற பிறகு அது 60 டெசிபல் இறங்குவதற்கு ஆகும் நேரம்தான் எதிர்முழக்க நேரம். 1900இல் திறந்த பாஸ்டன் சிம்ஃபனி ஹாலுக்கு ஒலி ஆலோசகராக இருந்த வாலஸ் சபைன் தந்த சூத்திரம் எளிது: கன அளவை 0.161ஆல் பெருக்கி, அறையின் மொத்த ஒலி உறிஞ்சலால் வகுக்க வேண்டும். காலி அறை 30 சதுர மீட்டர் திறந்த ஜன்னல் அளவுக்கு உறிஞ்சுகிறது என்று வைத்துக்கொண்டால் 4.3 நொடி வரும். அவ்வளவு நீண்டால் வேகமான பகுதிகள் கூழாகிவிடும். இப்போது 120 பேர் வந்து உட்காருகிறார்கள். உடம்பும் உடையுமாக ஒருவர் அரை சதுர மீட்டர் உறிஞ்சினால் மொத்தம் 90 ஆகிறது, நேரம் 1.45 நொடிக்கு இறங்குகிறது. இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ கொண்ட நால்வர் குழுவுக்கு அருமையான அளவு. அழகு பார்க்கிறேன் என்று யாராவது கம்பளமும் கனத்த திரையும் போட்டு இன்னொரு 60 சேர்த்துவிட்டால் 0.87 நொடி. ஒவ்வொரு சுரமும் பிறந்த இடத்திலேயே விழுந்து செத்துப்போகும். வாசிப்பவர்கள் அதை ஈடுகட்ட வில்லை அழுத்தத் தொடங்குவார்கள், நாதம் கரகரக்கும்.

அதனால்தான் மதியம் காலி அறையில் ஒத்திகை பார்த்த குழு மாலையில் அப்படியே வாசிக்க முடியாது. ஒத்திகையில் சுரத்தைச் சீக்கிரம் விட்டு, நிறுத்தங்களை நீட்டியிருப்பார்கள். மாலையில் வில்லை நீளமாக இழுத்துச் சுரத்தைத் தாங்க வேண்டும். முதல் சில நிமிடங்களுக்குள் நாலு பேரும் பேச்சில்லாமல் இதைச் சரிசெய்துகொள்வதை நீங்கள் எதிரே உட்கார்ந்து கேட்கலாம். நீங்கள் வந்ததால்தான் அறை மாறியது. அறை மாறியதால்தான் வாசிப்பு மாறியது.

இன்னொன்றும் உண்டு. இந்த அறையில் வாத்தியத்திலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளினாலே, நேராக வரும் ஒலியைவிடச் சுவரும் கூரையும் திருப்பித் தருவது அதிகமாகிவிடும். (மேல் சுரங்களில் வாத்தியம் திசை பார்த்து ஒலிக்கும் என்பதால் அந்தத் தூரம் கொஞ்சம் கூடும்.) ஆகவே கேட்பதில் பெரும்பங்கு அறை. ஹெட்போனில் வருவது, வாசிப்பவர் தலைக்கு மேலே, எந்த மனிதரும் உட்காராத ஓர் இடத்தில் தொங்கிய மைக் கேட்டது. தலையைத் திருப்பிப் பாருங்கள். செல்லோவும் கூடவே திரும்பும். அறையில் அது இருந்த இடத்தில் இருக்கும்.

மைக் என்றதும் பழைய பகை கிளம்புகிறது. 120 பேர் உட்கார்ந்திருக்கும் அறையில் நால்வர் குழுவுக்கு மைக் வைப்பது குற்றம். ஒரு வயலினை அதன் மைக்கும் 1.2 மீட்டர் தள்ளியிருக்கும் பக்கத்து மைக்கும் சேர்ந்து பிடிக்கும். ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகிறது. இரண்டாவது மைக்குக்கு 3.5 மில்லிநொடி தாமதம். இரண்டையும் கலந்தால் 430 ஹெர்ட்ஸிலும் 715 ஹெர்ட்ஸிலும் அதற்கு மேலே வரிசையாகவும் குழி விழும், அதாவது அந்த அதிர்வெண்கள் அமுங்கிப்போகும். செல்லோவுக்கு 143 ஹெர்ட்ஸிலேயே முதல் குழி. வாத்தியம் மூக்கடைத்தது போல ஒலிப்பது இதனால்தான். அதைவிடக் கொடுமை, நாலு பேர் காதால் அளந்து வைத்த சமநிலையைப் பின்வரிசையில் ஒலி கலக்கும் கருவியின் ஒரு குமிழ் தீர்மானிப்பது. செலவு செய்வதானால் ஏசியின் இரைச்சலை அடக்கச் செய்யுங்கள். மிக மெல்லிய வாசிப்பை முதலில் தின்பது அந்த இரைச்சல்தான்.

துல்லியம் என்றீர்கள். அதையும் பார்த்துவிடுவோம். செல்லோவின் தந்திகள் சி, ஜி, டி, ஏ. வயலினின் மேல்தந்தி இ. ஒவ்வொன்றும் அடுத்ததற்கு ஷட்ஜ-பஞ்சம உறவு. எல்லாப் பஞ்சமங்களையும் சுத்தமாகச் சேர்த்துக்கொண்டே போனால், நாலு படி ஏறி வரும் இ, சியின் சுத்தமான காந்தாரத்தைவிட 21.5 சென்ட் ஏறி நிற்கும். அரைச்சுரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். செல்லோவின் திறந்த சியும் வயலினின் திறந்த இயும் சேரும் இடத்தில் புளிக்கும். எனவே செல்லோவும் வயோலாவும் பஞ்சமங்களைத் துளித் துளி குறுக்கி, சியைக் கொஞ்சம் ஏற்றிச் சேர்ப்பது வழக்கம். வாசிக்கும்போதோ ஒவ்வொரு சேர்க்கையிலும் புதிதாக விரல் நகர்த்த வேண்டும். எவ்வளவு என்பதை எதிரில் ஒலிப்பவரைக் கேட்டு அந்தக் கணத்தில் முடிவுசெய்கிறார்கள்.

இதெல்லாம் கேட்பவருக்காக என்று பிறந்ததும் இல்லை. 1780களில் வியன்னா வீடுகளில் இசையமைப்பாளர்கள் ஹைடனும் வயோலாவோடு மொஸார்ட்டும் கூடி வாசித்தபோது, முதல் ரசிகர்கள் வாசித்தவர்களேதான். வயலின் கலைஞர் ஷுப்பான்ஸிக் அங்கே சந்தா முறையில் பொதுக் கச்சேரிகள் தொடங்கியது 1804இல். 1826இல் பேத்தோவனின் ஓபஸ் 130 என்ற நால்வர் இசைப்படைப்பு முதன்முதலாக ஒலித்தபோது கூட்டம் நடுவிலுள்ள இரண்டு பகுதிகளை மறுபடி வாசிக்கச் சொல்லிக் கேட்டது. லண்டன் விக்மோர் ஹால் 1901இல் திறந்தது, இருக்கைகள் சுமார் 550. அதற்கு மேல் போனால் நால்வர் குழு கத்த வேண்டிவரும். 2,000 பேர் அரங்கில் இதை நடத்துகிறவர்களை நான் மன்னிப்பதாயில்லை.

போவதென்றால் இடம் பார்த்து உட்காருங்கள். பின்சுவரை ஒட்டி வேண்டாம், கீழ்ச்சுரங்கள் பூதாகரமாகும். பால்கனிக்கு அடியிலும் வேண்டாம். மூன்றாவதிலிருந்து ஆறாவது வரிசைக்குள், நடுவில். வயோலா உங்கள் வலது ஓரத்தில் இருந்தால் அதன் எஃப் வடிவத் துளைகள் மேடையின் பின்சுவரைப் பார்க்கும். அது மங்கலாகக் கேட்டால் வாசிப்பவர்மேல் பழி போடாதீர்கள். முதல் சுரத்துக்கு முன்னால் முதல் வயலின்காரர் இழுக்கும் மூச்சு காதில் விழ வேண்டும், அந்தத் தூரம் போதும். கடைசியில் வில் தந்தியை விட்டுக் காற்றில் நிற்கும்போது உடனே கைதட்டாதீர்கள். அந்த ஒன்றரை நொடி அறை வாசிக்கிறது.